படுத்தால் 158, நின்றால் 128: 79 வயது அம்மாவின் ரத்த அழுத்தம், ஒரு நிகழ்வு ஆய்வு

வயது 79. பெண். எடை 71 கிலோ. உயர் ரத்த அழுத்தம் 18 ஆண்டுகளாக இருக்கிறது. சர்க்கரை நோய் இல்லை; மாரடைப்பு, பக்கவாதம் எதுவும் வந்ததில்லை. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். மகளோடு இருக்கிறார், மாத்திரை எடுத்துக் கொடுப்பதும் பிபி பார்ப்பதும் மகள் பொறுப்பு. மருத்துவரிடம் மகள் வைத்த கோரிக்கை ஒன்றுதான்: "மூணு மாத்திரை போட்டும் அம்மாவுக்கு பிபி இறங்கவே மாட்டேங்குது டாக்டர். இன்னொண்ணு சேர்த்து எழுதிக் கொடுங்க."

கேட்ட பிறகு வெளிவந்த செய்தி வேறு. முந்தைய வாரம் விடியற்காலையில் கழிப்பறைக்கு எழுந்து போனபோது அம்மா கீழே விழுந்திருக்கிறார். எலும்பு முறிவு இல்லை, இடுப்பில் ரத்தக்கட்டோடு தப்பினார். பிபிக்கும் விழுந்ததற்கும் தொடர்பு இருக்கும் என்று வீட்டில் யாரும் நினைக்கவில்லை. "வயசாயிடுச்சு, கால் தடுக்கிடுச்சு" என்று விட்டுவிட்டார்கள்.

இது ஒரு தனி நபரின் மருத்துவக் குறிப்பு அல்ல. முதியவர்களின் ரத்த அழுத்தச் சிகிச்சையில் திரும்பத் திரும்ப எதிர்ப்படும் சிக்கல்களை ஒரே ஆளிடம் சேர்த்து அமைத்த மாதிரி நிகழ்வு. மருந்து மாற்றங்கள் எல்லாம் மருத்துவர் பார்த்துச் செய்தவை. படித்துவிட்டு வீட்டில் தாமாகச் செய்து பார்ப்பதற்கானவை அல்ல.

மாத்திரைப் பை

சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதைவிட, வீட்டில் இருக்கும் மாத்திரை மொத்தத்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்வதுதான் உருப்படியான வழி. இந்தப் பையில் இருந்தவை: காலையில் அம்லோடிபின் 10 மி.கி.; அதோடு டெல்மிசார்டன் 40 மி.கி.யும் ஹைட்ரோகுளோரோதயாசைடு 12.5 மி.கி.யும் சேர்ந்த ஒரு கூட்டு மாத்திரை. மாலை 6 மணிக்கு ஃபுரோசமைடு 40 மி.கி. இவற்றைத்தான் மகள் "மூணு மாத்திரை" என்றார். மருந்துக் கணக்கில் அவை நான்கு, அதில் ஹைட்ரோகுளோரோதயாசைடு, ஃபுரோசமைடு இரண்டும் நீர் பிரிக்கும் மருந்துகள். கூட்டு மாத்திரைக்குள் ஒரு நீர் மருந்து ஏற்கெனவே இருப்பது வீட்டாருக்குத் தெரியாது.

பையின் அடியில் ஐந்தாவது ஒன்று கிடந்தது: இபுப்ரோஃபென் 400 மி.கி. பிபி மாத்திரை இல்லை என்பதால் யாரும் அதைச் சொல்லவில்லை. "எப்பவாவது முட்டி வலிச்சா போட்டுக்குவேன்" என்றார் அம்மா. அட்டையில் காலியான குழிகளையும் வாங்கிய தேதியையும் வைத்துப் பார்த்தால் நாளுக்கு இரண்டு வீதம் போயிருக்கிறது.

இந்தப் பட்டியலை வாங்கிய வரிசையில் அடுக்கினால் கதை தெளிவாகிறது. முழங்கால் வலிக்கு இபுப்ரோஃபென் தொடங்கினார். அந்த வகை வலி மாத்திரைகள் சிறுநீரகத்தில் உப்பையும் நீரையும் தங்க வைத்து பிபியை ஏற்றும். டெல்மிசார்டன், நீர் மாத்திரை இரண்டின் வேலையையும் கெடுக்கும். பிபி ஏறியதும் அம்லோடிபின் 5 மி.கி. 10 ஆனது. அடுத்து கணுக்காலில் வீக்கம் வந்தது. வீக்கத்துக்கு ஃபுரோசமைடு வந்தது. பகலில் அடிக்கடி எழுந்து போவது சிரமம் என்று வீட்டில் அதை மாலைக்கு மாற்றினார்கள். இரவில் எழ வேண்டிய தடவைகள் கூடின. விடியற்காலையில் விழுந்தார். ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது நோய் என்று எண்ணி அடுத்த மருந்து. அதன் விளைவுக்கு இன்னொன்று. ஒவ்வொரு படியும் தனியாகப் பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும்.

அம்லோடிபின் வீக்கத்துக்கு நீர் மாத்திரை ஏன் பலிப்பதில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்தத் தவறு மிகச் சாதாரணம். அம்லோடிபின் நுண் தமனிகளை விரிக்கிறது. எதிர்ப்பக்கத்துச் சிரைகளை அந்த அளவுக்கு விரிப்பதில்லை. இடையில் உள்ள தந்துகிகளில் அழுத்தம் கூடி நீர் திசுவுக்குள் கசிகிறது. உடம்பில் நீர் மிஞ்சியதால் வந்த வீக்கம் இல்லை இது. நீரை வெளியேற்றினால் ரத்த ஓட்டத்தில் உள்ள நீர்தான் குறையும். கணுக்கால் அப்படியே இருக்கும். அளவைப் பாதியாக்கினால் வீக்கம் பெரும்பாலும் வடியும். டெல்மிசார்டன் வகை மருந்து கூட இருந்தால் இன்னும் குறையும், அது சிரைப்பக்கத்தையும் விரிப்பதால். இருந்தாலும் எல்லாக் கால் வீக்கத்தையும் அம்லோடிபின் தலையில் கட்டிவிடக் கூடாது. இவருக்கு மூச்சிரைப்பு இல்லை, நுரையீரலில் நீர் சேர்ந்த சத்தம் இல்லை, கழுத்துச் சிரை புடைப்பு இல்லை, எக்கோ என்ற இதய ஸ்கேனில் இதயத் துடிப்புத் திறன் சரியாக இருந்தது, சிறுநீரில் புரதம் போகவில்லை. அதற்குப் பிறகுதான் ஃபுரோசமைடு தேவையில்லை என்று முடிவானது.

நோட்டுப் புத்தகம்

மகள் ஒரு நோட்டில் பிபி எழுதி வைத்திருந்தார்: 168/74, 182/78, 171/70, 134/66, 176/80. மேல் அளவு எகிறி, கீழ் அளவு 66-80க்குள் நிற்பது முதுமையில் எதிர்பார்க்கக் கூடியதே. பெருந்தமனி விறைத்துப் போனால் இதயம் சுருங்கும்போது அழுத்தம் தூக்கலாக ஏறும், விரியும்போது தாங்கிப் பிடிக்க ஆளில்லாமல் இறங்கும். ஆனால் 134க்கும் 182க்கும் இடையே இப்படி அலைபாய்வது விறைப்பால் மட்டும் வருவதில்லை. எடுத்த விதத்தைக் கேட்டபோது பாதிக் காரணம் கிடைத்தது.

அம்மா சோஃபாவில் கால் மேல் கால் போட்டு, கை மடியில், டிவி பார்த்துக்கொண்டு, மகளோடு பேசிக்கொண்டு இருக்கும்போது எடுத்தவை பல. எண் கூடுதலாக வந்தால் உடனே மறுபடி எடுப்பார்; சரியாக வந்தால் சில நாள் எழுதவே மாட்டார். கையில் சுற்றும் பட்டை 22 முதல் 32 செ.மீ. வரையிலான கைக்கு உரியது; அம்மாவின் மேல்கைச் சுற்றளவு 35 செ.மீ. பட்டை சிறியதாக இருந்தால் தமனியை அழுத்தக் கூடுதல் காற்று வேண்டியிருக்கும், எண் உண்மையைவிட மேலே காட்டும். இவரைப் போல ஒரு அளவு பெரிய பட்டை தேவைப்படுபவரிடம் சராசரியாக 5 மி.மீ. வரையும், அதற்கும் பெரியது தேவைப்படுபவரிடம் 20 மி.மீ. அருகிலும் கூடுதலாகக் காட்டியிருக்கிறது. மடியில் கிடக்கும் கை இதயத்துக்குக் கீழே இருப்பதால், ஒவ்வொரு 10 செ.மீ. இறக்கத்துக்கும் 7-8 மி.மீ. ஏறும். பேச்சு, நிறைந்த மூத்திரப்பை, வலி, மலச்சிக்கலில் முக்கியது எல்லாம் அதன்மேல் ஏறிக்கொள்ளும்.

மறுபடி முதலிலிருந்து ஒரு வாரம் எடுக்கச் சொன்ன முறை இது. 32-42 செ.மீ. பட்டை வாங்கினார்கள். எடுப்பதற்கு அரை மணி நேரம் முன்பு காபி, தேநீர், நடை எதுவும் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு வர வேண்டும். முதுகு சாயும் நாற்காலி, பாதம் தரையில், கை மேசைமேல் இதய மட்டத்தில், சட்டைத் துணிக்கு மேலே சுற்றாமல் வெறும் கையில். ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும், பேசக் கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை. காலையில் மாத்திரைக்கும் உணவுக்கும் முன், மாலையில் உணவுக்கு முன். முதல் நாள் இரு கையிலும் பார்த்து, கூடுதலாகக் காட்டும் கையையே பிறகு பயன்படுத்த வேண்டும். ஏழு நாளில் 28 எண் வரும். முதல் நாளின் நான்கைத் தள்ளிவிட்டு 24க்கு சராசரி. எந்த எண்ணையும் பிடிக்கவில்லை என்று அடித்துவிடக் கூடாது. கருவி சீரற்ற துடிப்புக் குறியைத் திரும்பத் திரும்பக் காட்டினால் ஈசிஜி எடுக்க வேண்டும், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதய மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் கோளாறு) இருந்தால் தானியங்கிக் கருவியின் எண் ஒவ்வொரு தடவையும் மாறும். இவருக்கு ஈசிஜி சீராக இருந்தது.

சராசரி 151/71. நோட்டில் இருந்த 170-180 இல்லை. ஆனால் விட்டுவிடும் அளவுக்குக் குறைவும் இல்லை; வீட்டில் எடுக்கும்போது 135/85 தாண்டினால் உயர் ரத்த அழுத்தம்தான்.

நிற்க வைத்துப் பார்த்தபோது

இந்த நிகழ்வில் எல்லாவற்றையும் மாற்றிய சோதனை இது; செலவு எட்டு, ஒன்பது நிமிடம் மட்டுமே. ஐந்து நிமிடம் படுக்க வைத்து எடுத்தது 158/72, நாடி 72. எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில் 131/66. மூன்றாவது நிமிடத்தில் 128/64, நாடி 92. "கண்ணு இருட்டுது" என்றார், உட்கார வைத்தார்கள்.

நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் அது நிற்கும்போது வரும் தாழ் அழுத்தம். இவருக்கு இறங்கியது 30. அதே நேரம் நாடி 20 ஏறியிருப்பதைக் கவனிக்க வேண்டும். அழுத்தம் விழும்போது இதயம் வேகமெடுத்து ஈடுகட்டப் பார்க்கிறது, அதாவது நரம்புச் சுற்று வேலை செய்கிறது. குறைபாடு பெரும்பாலும் நீரிழப்பு அல்லது மருந்தால் வந்தது. 30 இறங்கியும் நாடி ஐந்துகூட ஏறாமல் நின்றிருந்தால் தன்னியக்க நரம்புக் கோளாறு, பார்க்கின்சன் போன்றவற்றின் பக்கம் தேடியிருக்க வேண்டும்.

வீட்டில் இதைச் செய்யும்போது பட்டை கையிலேயே இருக்க வேண்டும், பின்னால் நாற்காலி வேண்டும், பக்கத்தில் ஒரு ஆள் நிற்க வேண்டும். நிற்கும்போது கையை யாராவது இதய மட்டத்தில் தாங்கிப் பிடிக்க வேண்டும். தொங்கவிட்டால் எண் பொய்யாக மேலே வந்து இறக்கத்தையே மறைத்துவிடும். அப்படித் தவறவிட்டவர்கள் நிறைய. பெரிய சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணி நேரத்துக்குள்ளும் சில முதியவர்களுக்கு 20க்கு மேல் இறங்கும். மதியம் சாப்பிட்டு எழுந்ததும் தள்ளாடுகிறார் என்றால் அந்த வேளையிலும் பார்க்க வேண்டும்.

உட்கார்ந்து 151, நின்றால் 128 என்ற ஆளுக்கு நான்காவது, ஐந்தாவது மாத்திரை சேர்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

182 வந்த இரவு

விழுந்ததற்கு முந்தைய இரவை நோட்டிலிருந்து கண்டுபிடிக்க முடிந்தது. இரவு 9.30க்கு 182/78. முழங்கால் வலி அதிகம், கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்த நேரம். மகள் பதறி ஒரு அம்லோடிபின் கூடுதலாகக் கொடுத்தார். பதினைந்து நிமிடம் கழித்து 164 வந்தது. மாத்திரை வேலை செய்துவிட்டது என்று நினைத்தார்.

அம்லோடிபின் ரத்தத்தில் உச்ச அளவைத் தொட 6 முதல் 12 மணி நேரம் ஆகும். பாதியாகக் குறைய 30 முதல் 50 மணி நேரம், முதியவர்களுக்கு அதைவிட நீளும். 9.45க்கு இறங்கியது ஓய்வாலும் சிறுநீர் கழித்ததாலும். இரவு கொடுத்த மாத்திரை உச்சத்துக்கு வந்தது விடியற்காலையில், மாலை ஃபுரோசமைடு உடம்பை வறளவிட்டிருந்த வேளையில், அவர் கட்டிலிலிருந்து எழுந்த நேரத்தில்.

அறிகுறி எதுவும் இல்லாமல் 180 வந்தால் அவசர மாத்திரை என்று ஒன்று கிடையாது. நாக்குக்கு அடியில் வைக்கும் நிஃபெடிபின் ஒரு காலத்தில் வழக்கத்தில் இருந்தது. அழுத்தம் சடாரென்று விழுந்து பக்கவாதமும் மாரடைப்பும் வந்ததால் கைவிடப்பட்டது. செய்ய வேண்டியது: வலி, சிறுநீர், பதற்றம் ஆகியவற்றைக் கவனித்துவிட்டு, அமைதியாக உட்கார வைத்து கால் மணி நேரம் கழித்து மறுபடி எடுப்பது, அன்றைய மாத்திரை விட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பது, 180/120 மட்டத்திலேயே நின்றால் அன்றே மருத்துவரை அழைப்பது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணல், ஒரு பக்கக் கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், பார்வை மங்கல், திடீர்க் குழப்பம், இதுவரை இல்லாத கடும் தலைவலி இவற்றில் ஒன்று இருந்தால் எண் 160 ஆனாலும் காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவமனை.

ரத்தப் பரிசோதனை

சோடியம் 128, பொட்டாசியம் 4.3, கிரியாட்டினின் (சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் ஏறும் கழிவு) 1.2. எட்டு மாதம் முன்பு கிரியாட்டினின் 0.9. சிறுநீரக வடிகட்டும் திறன் கணக்கிட்டால் 65 இருந்தது 46 ஆகியிருக்கிறது. இபுப்ரோஃபென் சிறுநீரக வடிகட்டிக்குள் ரத்தம் நுழையும் குழாயைச் சுருக்குகிறது, டெல்மிசார்டன் வெளியேறும் குழாயை விரிக்கிறது, நீர் மாத்திரைகள் உள்ளே வரும் ரத்தத்தையே குறைக்கின்றன. மூன்றும் சேர்ந்தால் வடிகட்ட அழுத்தம் மிஞ்சாது. ஒரு வாந்தி பேதி வந்திருந்தால் இந்த 1.2 மூன்றாகியிருக்கலாம்.

சோடியம் 128க்குக் காரணம் முக்கியமாகக் கூட்டு மாத்திரையில் இருந்த தயாசைடு. வயதான பெண்களிடம் இது அடிக்கடி வரும். மாத்திரை தொடங்கிய சில வாரங்களிலேயே வரலாம், பல மாதம் கழித்தும் வரலாம். சோர்வு, மந்தம், நடையில் தடுமாற்றம், இவற்றை வீட்டில் வயது என்றே எடுத்துக்கொள்வார்கள். சோடியம் குறைவு என்று கேட்டதும் "அப்ப உப்பைக் கூட்டிக் கொடுக்கணுமா?" என்றார் மகள். கூடாது. உப்பு போதாமல் வந்த குறைவு இல்லை இது. மருந்து சோடியத்தை வெளியே தள்ளிக்கொண்டே, உடம்பு அதிகப்படி நீரை வெளியேற்ற முடியாமலும் செய்கிறது. உப்பைக் கூட்டினால் பிபி ஏறும், காரணம் அப்படியே இருக்கும். நாளுக்கு மொத்தம் 5 கிராமுக்குள் உப்பு என்பது இவருக்கும் பொருந்தும். குறைந்த சோடியம் உப்பு என்று விற்பதை வாங்க வேண்டாம் என்றும் சொல்ல வேண்டியிருந்தது: அதில் பொட்டாசியம் குளோரைடு இருக்கும், டெல்மிசார்டனோடும் தளர்ந்த சிறுநீரகத்தோடும் சேர்ந்தால் பொட்டாசியம் அபாய அளவுக்கு ஏறும்.

எதை முதலில் நிறுத்துவது

முதல் நாளே இபுப்ரோஃபென், ஃபுரோசமைடு, ஹைட்ரோகுளோரோதயாசைடு மூன்றும் நிறுத்தப்பட்டன. பொதுவாக ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான் நல்லது, எது பலித்தது என்று தெரியும். ஆனால் சோடியம் 128, விழுந்த ஆள் என்றால் காத்திருக்க நேரமில்லை. கூட்டு மாத்திரைக்குப் பதில் டெல்மிசார்டன் 40 மட்டும். அம்லோடிபின் அப்போதைக்கு 10 அப்படியே விடப்பட்டது. கூட்டு மாத்திரையின் பழைய அட்டைகளை வீட்டிலிருந்து அகற்றச் சொன்னது சின்ன விஷயம் போலத் தெரியும். பழையதும் புதியதும் சேர்த்துக் கொடுத்து டெல்மிசார்டன் இரட்டிப்பாவது இப்படித்தான் நடக்கிறது.

வலிக்கு பாராசிட்டமால், நாளுக்கு 3 கிராமுக்கு மேல் போகாமல். தண்ணீரில் கரைந்து நுரைக்கும் வகை வேண்டாம்: ஒரு 500 மி.கி. மாத்திரையிலேயே கிட்டத்தட்ட 400 மி.கி. சோடியம், அதாவது சுமார் 1 கிராம் உப்பு. தொடைத் தசைக்குப் பயிற்சி. கிரியாட்டினின் திரும்பிய பிறகு, தோலில் பூசும் டைக்ளோஃபெனாக் ஜெல்; ரத்தத்தில் கலப்பது மாத்திரையைவிட மிகக் குறைவு. வலியை ஆற்றாமல் வலி மாத்திரையை மட்டும் பிடுங்கினால் அது ஒரு வாரத்தில் வேறு கடை வழியாகத் திரும்பி வந்துவிடும்.

மூன்றாம் நாள் சோடியம் 131, எட்டாம் நாள் 134, மூன்றாம் வாரம் 137. ஏறும் வேகத்தையும் பார்ப்பது அவசியம். நாள்பட்ட குறைவு 24 மணி நேரத்தில் 8-10க்கு மேல் ஏறினால் மூளைக்கு ஆபத்து. கிரியாட்டினின் மூன்றாம் வாரம் 0.9.

இரண்டாம் வாரம் அம்லோடிபின் 5 ஆனது. பதினைந்து நாளில் கணுக்கால் வீக்கம் வடிந்து, காலையில் செருப்பு மாட்ட முடிந்தது. நான்காம் வாரச் சராசரி 146/72. படுத்து 148, நின்று 139, தலைசுற்றல் இல்லை. இரண்டு நீர் மருந்தை நிறுத்தி, ஒன்றைப் பாதியாக்கிய பிறகும் உட்கார்ந்த பிபி முன்னைவிடக் குறைவு. இபுப்ரோஃபென் விலகியதன் பலன் அதில் பெரும் பங்கு.

எதுவரை இறக்குவது

இங்கே வழிகாட்டிகள் ஒத்துப்போவதில்லை. 2024 ஐரோப்பிய வழிகாட்டி தாங்கினால் 120-129 என்கிறது. 85 வயது கடந்தவர், நின்றால் தலைசுற்றுபவர், நலிந்தவர் ஆகியோருக்குத் தளர்த்துகிறது. பிரிட்டனின் நைஸ் வழிகாட்டி 80க்குக் கீழ் வீட்டு அளவு 135/85க்குள், 80க்கு மேல் 145/85க்குள் என்கிறது. அம்மாவுக்கு 79; அடுத்த பிறந்தநாளில் இலக்கு பத்து தளர்ந்துவிடும் போலும்.

ஆய்வுகளைப் பொறுத்தவரை, 2008இல் வெளிவந்த ஹைவெட், 160க்கு மேல் இருந்த 80 கடந்தவர்களை 150/80 நோக்கி இறக்கியதில் மரணம் 21 சதவீதமும் இதயச் செயலிழப்பு 64 சதவீதமும் குறைந்ததாகக் காட்டியது. எண்பதுக்குப் பிறகு சிகிச்சை வேண்டாம் என்ற பழைய எண்ணத்தை அது முடித்து வைத்தது. 2015இன் ஸ்பிரிண்ட் 120க்குள் இறக்குவது நல்லது என்றது, 75 கடந்தவர்களுக்கும். ஆனால் அதில் நின்றால் 110க்குக் கீழே போகிறவர்களைச் சேர்க்கவில்லை; பராமரிப்பு இல்லங்களில் இருப்பவர்களையும் சேர்க்கவில்லை; அளந்தது தானியங்கிக் கருவி, பல இடங்களில் பக்கத்தில் ஆளே இல்லாமல். அந்த 120ஐ சாதாரண மருத்துவமனை எண்ணோடு நேருக்கு நேர் ஒப்பிட முடியாது.

இவருக்கு எடுத்த முடிவு: வீட்டுச் சராசரி 130-139, நின்ற மூன்றாம் நிமிடத்தில் 110க்குக் கீழே போகக் கூடாது, எழும்போது கிறுகிறுப்பு இருக்கக் கூடாது. வீட்டுச் சராசரியும் நிற்கும் எண்ணும் மோதினால் நிற்கும் எண்ணுக்கே முன்னுரிமை.

ஐந்தாம் வாரம் டெல்மிசார்டன் 80 மி.கி. ஆனது. இரண்டு வாரம் கழித்து கிரியாட்டினின் 1.0, பொட்டாசியம் 4.6. இந்த வகை மருந்தைக் கூட்டிய பிறகு கிரியாட்டினின் 30 சதவீதம் வரை ஏறினால் பொறுத்துக்கொள்ளலாம், பொட்டாசியம் 5.5 தாண்டினால் அளவைக் குறைப்பது அல்லது நிறுத்துவது பற்றி மருத்துவர் முடிவெடுக்க வேண்டியிருக்கும். ஒன்பதாம் வாரச் சராசரி 136/69, நின்று 130/66. பிறகு அம்லோடிபின் 5, டெல்மிசார்டன் 80 இரண்டையும் ஒரே மாத்திரையாக மாற்றியாயிற்று. காலையா இரவா என்று மகள் கேட்டார். 2022இல் வந்த டைம் ஆய்வில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மறக்காத நேரம் எதுவோ அது. ஒரு வேளை விட்டுப்போனால் நினைவு வந்ததும் கொடுக்கலாம், மறுநாள் வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிட வேண்டும். இரண்டாகக் கொடுக்கக் கூடாது.

எழும் முறையும் மாறியது. விழித்ததும் படுத்தபடியே கணுக்காலை இருபது முப்பது தடவை மேலும் கீழும் அசைக்க வேண்டும், பிறகு கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்கார வேண்டும், எழுந்ததும் கட்டிலைப் பிடித்தபடி சில நொடி நிற்க வேண்டும், அதன் பிறகே நடை. கழிப்பறை வழியில் இரவு விளக்கு.

இப்போது பிபி தினமும் பார்ப்பதில்லை. மாதம் ஒரு வாரம், அல்லது மருந்து மாறியபின் ஒரு வாரம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின். மாத்திரைப் பெட்டியின் மூடிக்குள் மகள் ஒட்டி வைத்திருக்கும் தாளில் மருத்துவர் எழுதிக் கொடுத்த மூன்று வரி: வாந்தி, பேதி, சாப்பிட முடியாத காய்ச்சல் வந்தால் பிபி மாத்திரை கொடுக்கும் முன் போன் செய்யவும், புதிதாக வலி மாத்திரை, சளி மாத்திரை எதுவும் கேட்காமல் வாங்க வேண்டாம், விழுந்தால், அடிபடாவிட்டாலும், சொல்லவும்.